ஆய்விதழ் விலையேற்றம்: அந்த ‘எனவே’ நிற்குமா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் பல்கலைக்கழக நூலகங்களுக்கு ஆய்விதழ்ப் பதிப்பாளர்களின் சந்தாப் புதுப்பிப்புக் கடிதங்கள் வந்து சேரும். சந்தா ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தொடங்குவதால் அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். யார் அனுப்பினாலும் கடிதத்தின் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். சென்ற ஆண்டைவிடக் கூடுதலான கட்டுரைகளை வெளியிட்டோம். உங்கள் மாணவர்களும் ஆசிரியர்களும் செய்த பதிவிறக்கங்கள் கூடியிருக்கின்றன. தளத்தில் புதிய வசதிகளைச் சேர்த்திருக்கிறோம். அடுத்த பத்தி ‘எனவே’ என்று தொடங்கும். அதில் 4 விழுக்காடு, 5 விழுக்காடு, சில சமயம் அதற்கும் மேலான விலையேற்றம் இருக்கும்.

இந்தப் பதிவு அந்த ‘எனவே’யைப் பற்றியது. முன்னால் சொல்லப்படும் மூன்று காரணங்களுக்கும் பின்னால் வரும் எண்ணுக்கும் தொடர்பு உண்டா? வாங்குகிறவருக்குக் கிடைத்த பயன் நிஜமாகவே 5 விழுக்காடு கூடியதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பதிப்பாளரின் பல இதழ்களை ஒன்றாகச் சேர்த்து விற்கும் தொகுப்புச் சந்தாக்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் தொடர்பு இல்லை. ஆனால் கொள்ளை, கொள்ளை என்று கூவினால் எந்தப் பதிப்பாளரும் விலையைக் குறைக்கப் போவதில்லை. நம் கையில் இருக்கும் பயன்பாட்டுத் தரவைப் பிரித்துக் கணக்குக் காட்டினால் பேச்சு மாறும். சந்தாப் பிரிவில் வேலை பார்ப்பவர்களையும், துறையின் சார்பில் நூலகக் குழுவில் உட்காரும் ஆசிரியர்களையும், ஆய்வு மாணவர்களையும் மனத்தில் வைத்து அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

விலை எங்கிருந்து வந்தது

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வெங்காய விலை ஏன் கூடியது என்று கேட்டால், அங்கே மழை, விளைச்சல் இல்லை என்று ஒரு பதில் வரும். ஆய்விதழுக்கு அப்படி ஒரு விளைச்சல் கணக்குக் கிடையாது. கட்டுரை எழுதுகிறவருக்குப் பதிப்பாளர் பணம் கொடுப்பதில்லை. வெளியிடுமுன் அதைப் படித்துச் சோதித்து மதிப்பாய்வு செய்கிறவருக்கும் பெரும்பாலும் கொடுப்பதில்லை. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் மதிப்பாய்வாளர்கள் செலவிட்ட நேரம் 100 மில்லியன் மணிக்கும் மேல் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்காவில் இருப்பவர்கள் கொடுத்த நேரத்தின் மதிப்பு மட்டும் 1.5 பில்லியன் டாலரைத் தாண்டியது. அந்த உழைப்புக்குச் சம்பளம் கொடுத்தவை பல்கலைக்கழகங்கள். சந்தா கட்டுபவையும் அவையே.

அப்படியென்றால் அடிப்படை விலை எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெர்கமன் பதிப்பகத்தை வளர்த்த ராபர்ட் மேக்ஸ்வெல் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்: ஓர் ஆய்விதழுக்குப் பதிலாக இன்னோர் ஆய்விதழை வாங்க முடியாது. அரிசியில் ஒரு ரகம் விலை ஏறினால் வேறு ரகம் வாங்கலாம். ஒரு கட்டுரை ஓர் இதழில்தான் இருக்கும். 1991இல் பெர்கமன் 440 மில்லியன் பவுண்டுக்கு எல்சேவியர் என்ற பெரிய பதிப்பாளரிடம் போனது. 1990களின் நடுவில், 1996இல் அகடெமிக் பிரெஸ் தொடங்கிவைத்த தொகுப்பு முறை பரவியது: இதழ் இதழாக வாங்காமல் மொத்தப் பட்டியலையும் மின்வடிவில் ஒரே சந்தாவில் எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்புக்கு என்ன விலை? அந்த நூலகம் அதுவரை அச்சு இதழ்களுக்கு எவ்வளவு கட்டிவந்ததோ அதுவும், அதன்மேல் கொஞ்சமும். அதற்கடுத்த ஆண்டு அதன்மேல் ஒரு விழுக்காடு. இப்படித்தான் இன்றுவரை வந்திருக்கிறது.

அதனால்தான் ஒரே பண்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை கட்டுகிறார்கள். அமெரிக்காவின் தகவல் உரிமைச் சட்டங்களைப் பயன்படுத்திச் சில பொருளியலாளர்கள் ஒப்பந்தங்களை வாங்கிப் பார்த்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 2009இல் எல்சேவியர் தொகுப்புக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் 2.16 மில்லியன் டாலர் கட்டியிருந்தது. அளவில் அதோடு ஒப்பிடத்தக்க விஸ்கான்சின் 1.22 மில்லியன். மிச்சிகன் மாணவர் ஏறக்குறைய இரட்டிப்பு அறிவைப் பெற்றார் என்று யாரும் சொல்ல முடியாது. அச்சுக் காலத்தில் அந்த நூலகம் அதிக இதழ்களை வாங்கியது; அந்தப் பழைய பட்டியல் பின்னாளில் அதற்குச் சுமையானது.

பழைய புள்ளிவிவரம் ஒன்று. வட அமெரிக்க ஆய்வு நூலகச் சங்கத்தின் கணக்குப்படி 1986 முதல் 2004 வரை ஓர் இதழின் சராசரி விலை 188 விழுக்காடு ஏறியது. அதே காலத்தில் அமெரிக்காவின் பொது விலைவாசி ஏறியது 73 விழுக்காடு. இடைவெளி எங்கே போயிற்று என்பதற்குப் பதிப்பாளர்களின் ஆண்டறிக்கையே சான்று. எல்சேவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் 2023இல் அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவப் பிரிவில் 3.06 பில்லியன் பவுண்டு வருமானத்துக்கு 1.16 பில்லியன் பவுண்டுக்கு மேல் செயல்பாட்டு லாபம் காட்டியது. நூறு பவுண்டு கட்டினால் 38 பவுண்டு லாபம். விலை செலவோடு கட்டிய கயிற்றில் இல்லை என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் தேவையில்லை.

கடிதத்தின் மூன்று காரணங்கள்

முதல் காரணம், கட்டுரைகள் கூடின. இதைக் கேட்டதும் மறுக்கத் தோன்றாது. 10 விழுக்காடு கட்டுரை கூடி 5 விழுக்காடு விலை கூடினால், கட்டுரைக்கான விலை குறைந்துவிட்டதே என்பார்கள். கணக்குச் சரி. ஆனால் அந்தக் கூடுதல் கட்டுரைகளை யார் கேட்டார்கள்? ஒரு வாசகருக்கு நாளில் அதே 24 மணி நேரம்தான். சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஆய்விதழின் பயனும் வடிகட்டுவதில்தான் இருக்கிறது. அதிகம் வெளியிடுவதில் இல்லை. எண்ணிக்கை என்னும் அளவுகோல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஹிந்தாவி காட்டியது. வைலி என்ற பெரிய பதிப்பாளர் 2021இல் வாங்கிய அந்தப் பதிப்பகம், காசுக்குக் கட்டுரை தயாரித்துத் தரும் போலிக் கட்டுரை ஆலைகள் உள்ளே புகுந்ததால் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. வைலி ஹிந்தாவி என்ற பெயரையே கைவிட்டது. வெளியான ஆண்டில் அந்தக் கட்டுரைகளும் வளர்ச்சி என்ற கணக்கில்தான் இருந்தன.

இரண்டாவது, பதிவிறக்கம் கூடியது. இதைக் கீழே தனியாகப் பார்ப்போம். பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது, தளத்தின் வசதிகள். பதிப்பாளர் ஒன்றுமே செய்வதில்லை என்று பேசுவது தவறு. வரும் கட்டுரைகளைச் சேர்ப்பது, நகல் சோதனை, படத் திருத்த மோசடியைப் பிடிப்பது, கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவமாக்குவது, கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண் பதிவது, போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற காப்பகங்களில் சேமிப்பது எல்லாம் வேலைதான், பணம் கொடுத்தே ஆக வேண்டிய வேலை. ஆனால் நம் வாசகர் கட்டுரையை எங்கே தேடுகிறார்? கூகல் ஸ்காலரில், மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில், நூலகத் தேடலில். பதிப்பாளரின் தளத்துக்கு வந்து பிடிஎஃப் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார். தளத்தில் சேர்த்த பரிந்துரைப் பலகையும் புதிய முகப்பும் அவருக்குப் பயன் தருவதைவிட, அவர் என்ன படிக்கிறார் என்ற தகவலைப் பதிப்பாளருக்குத் தருகின்றன. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா 2024இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்கு உள்ளடக்கத்தைத் திறந்துவிட்டு 75 மில்லியன் டாலருக்கு மேல் ஈட்டியது. அதே கட்டுரைகளுக்குப் புதிய வருமான வழி திறந்தால், புதுப்பிப்புப் பேச்சில் அதையும் ஒரு கேள்வியாக வைக்க நமக்கு முழு உரிமை உண்டு.

பதிவிறக்கத்தைப் பிரித்துப் பார்த்தல்

பதிப்பாளர் தரும் வழக்கமான கணக்கு இதுதான்: சந்தாத் தொகையைப் பதிவிறக்கங்களால் வகு. கணக்குக்காக ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 600 இதழ்கள், ஆண்டுச் சந்தா 300,000 சிங்கப்பூர் வெள்ளி, 60,000 பதிவிறக்கம். ஒன்றுக்கு 5 வெள்ளி. ஒரு கோப்பி, இரண்டு தோசை விலையில் ஒரு கட்டுரை என்றால் மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். அவசரப்பட வேண்டாம்.

பெரிய பதிப்பாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் கவுன்ட்டர் என்ற பொது விதிமுறைப்படி பயன்பாட்டு அறிக்கை தருகிறார்கள். நிர்வாகக் கணக்கில் நுழைந்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். பதிப்பாளர் அனுப்பும் அழகான வரைபடத்தை நம்பி உட்கார வேண்டாம். அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: மொத்தக் கோரிக்கை, தனித்த கோரிக்கை. ஒரு மாணவர் டிஓஐ இணைப்பைச் சொடுக்குகிறார்; தளம் முழுக் கட்டுரையை எச்டிஎம்எல் வடிவில், அதாவது இணையப் பக்கமாக, நேராகத் திறக்கிறது; அவர் பிடிஎஃப்பையும் எடுக்கிறார். மொத்தத்தில் இது 2. தனித்ததில் 1. ஒரே இணைப்பை 30 விநாடிக்குள் இருமுறை சொடுக்கினால் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் எச்டிஎம்எல், பிடிஎஃப் இரட்டிப்பை அந்த விதி பிடிக்காது. எப்போதும் தனித்த கோரிக்கையை எடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 60,000 இப்போது 45,000 ஆகிறது.

அடுத்து, அதில் திறந்த அணுகல் கட்டுரைகள் எத்தனை? அவற்றை உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். பெரும்பாலும் ஆசிரியரோ அவருடைய நிதி நிறுவனமோ முன்பே கட்டணம் செலுத்தியிருப்பார். அதற்கு நாம் சந்தா கட்டத் தேவையில்லை. கவுன்ட்டர் அறிக்கைகளில் டிஆர் ஜே3 என்பது பயன்பாட்டை அணுகல் வகைவாரியாகப் பிரித்துத் தரும். டிஆர் ஜே1 அறிக்கையில் திறந்த அணுகல் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும். கடிதத்தில் இருக்கும் எண் இந்த இரண்டில் எதோடும் பொருந்தாமல் பெரியதாக இருந்தால், தளத்தின் மொத்தப் பயன்பாட்டைக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 9,000 கழிந்தால் 36,000.

பிறகு டிஆர் ஜே4. இது கட்டுரை வெளியான ஆண்டுவாரியாகப் பிரிக்கும். 1995க்கு முந்தைய பழைய தொகுதிகளை நூலகம் ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாக வாங்கியிருக்கலாம். சந்தா நின்றாலும் கட்டிய ஆண்டுகளுக்கான அணுகல் தொடரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம். அந்த ஆண்டுகளின் பயன்பாடு அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்கு ஈடாகக் கிடைப்பதில்லை. அது ஏற்கெனவே நம்முடையது. நம் கணக்கில் 12,000 கழித்தால் 24,000.

கடைசியாக, சட்டப்படி இலவசப் பிரதி வேறெங்காவது இருக்கும் கட்டுரைகள். பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ முன்வெளியீட்டுத் தளத்திலோ ஆசிரியரே வைத்திருப்பார். இலவசப் பிரதி எங்கே இருக்கிறது என்று காட்டும் அன்பேவால் சேவையின் தரவைக் கொண்டு இதை இதழ்வாரியாக மதிப்பிடலாம். 4,000 கழிந்து 20,000.

இப்போது 300,000 வெள்ளியை 20,000ஆல் வகுத்தால் 15 வெள்ளி. ஐந்து என்று தொடங்கியது மூன்று மடங்காகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

இதோடு நிறுத்தக் கூடாது. சராசரி ஏமாற்றும். இதழ்வாரியாக வரிசைப்படுத்துங்கள். எந்தத் தொகுப்பிலும் ஒரு சிறு பங்கு இதழ்களில்தான் பயன்பாட்டின் பெரும்பகுதி குவிந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் 90 இதழ்கள் 16,000 பதிவிறக்கங்களைத் தருகின்றன. மற்ற 510 இதழ்களுக்கு 4,000தான். 90 இதழ்களையும் தனித்தனியாக வாங்கினால், சராசரி 2,500 வெள்ளி வீதம், 225,000 வெள்ளி. ஆகவே மீதி 510 இதழ்களுக்கு நாம் கொடுப்பது 75,000 வெள்ளி, ஒரு பதிவிறக்கத்துக்கு 18.75. ஒரு தமிழ்ச் சேனலுக்காகக் கேபிள் தொலைக்காட்சியின் முழுத் தொகுப்பையும் எடுத்த குடும்பங்களுக்கு இந்த உணர்வு நன்றாகவே தெரியும்.

அந்த 510 இதழ்களை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தேவைப்படும் கட்டுரையை நூலகங்களுக்கிடையே கடனாகவோ ஆவண விநியோகச் சேவை வழியாகவோ வாங்கித் தரலாம். ஒன்றுக்கு 40 வெள்ளி என்று தாராளமாக வைத்தாலும், 75,000 வெள்ளிக்கு 1,875 கட்டுரைகள் வாங்கலாம். இழக்கும் 4,000 பதிவிறக்கங்களில் 47 விழுக்காட்டுக்கும் குறைவாகவே கோரிக்கையாக வந்தால், தொகுப்பை விடுவது லாபம். பதிவிறக்கங்களில் கணிசமானவை ‘திறந்து பார்த்தேன், தேவையில்லை, மூடிவிட்டேன்’ வகை என்பதால் அந்த எல்லையைத் தாண்டுவது அரிது.

ஓர் எச்சரிக்கை. தனி இதழ் விலைப் பட்டியலைப் பதிப்பாளரே நிர்ணயிக்கிறார். தொகுப்பு மலிவாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தனி விலையை உயர்த்தி வைப்பதும் நடக்கும். எனவே 90 இதழ்களின் விலையை மூன்று ஆண்டுக்கு எழுத்தில் வாங்காமல் இந்தக் கணக்கை முடிக்காதீர்கள்.

எங்கே தப்பு நடக்கும் என்பதற்கும் வருகிறேன். இதழ் ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஆண்டில் பயன்பாடு இரு தளங்களிலும் பிரிந்து கிடக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் செத்த இதழ்போலத் தெரியும். பெயர் மாறினால் இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண்ணும் மாறும், அதே குழப்பம். ஒரு பாடத்தின் வாசிப்புப் பட்டியலில் இருக்கும் ஒரே கட்டுரையை 300 மாணவர்கள் எடுத்தால் அந்த இதழ் உச்சத்துக்குப் போய்விடும். மாதவாரியாகப் பார்த்தால் ஆகஸ்டிலும் ஜனவரியிலும் கோபுரம்போல நிற்கும். ஒரு கட்டுரைக்கான உரிமத்தைத் தனியாக வாங்கினால் முடிகிற விஷயம் அது. கவுன்ட்டரின் 5ஆம் பதிப்பிலிருந்து 2025இல் 5.1க்கு மாறியபோது திறந்த அணுகலின் வரையறையும் மாறியது. 2024ஐயும் 2025ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வளர்ச்சி, சரிவு இரண்டுமே பொய்யாக வரலாம். சிறு துறைகளை எண்ணிக்கையால் மட்டும் அளப்பதும் தவறு. ஆண்டுக்கு 12 பதிவிறக்கம் கண்ட தென்னாசிய இதழ் ஒரே முனைவர் பட்ட மாணவரின் முழு ஆய்வையும் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதனால் நம் ஆய்வாளர்கள் எந்த இதழ்களை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் தரவுத்தளத்தில் இதை இலவசமாகவே எடுக்கலாம். அணுகல் மறுக்கப்பட்ட முயற்சிகளைக் காட்டும் டிஆர் ஜே2 அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள். நம்மிடம் இல்லாத எதைத் தேடி வாசகர் கதவு தட்டினார் என்பது அதில்தான் தெரியும்.

சிங்கப்பூரில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

இங்கே சந்தா பெரும்பாலும் அமெரிக்க டாலரில், அல்லது பவுண்டு, யூரோவில் வரும். வரவுசெலவுத் திட்டம் வெள்ளியில். சிங்கப்பூர் நாணய ஆணையம் வட்டியைவிட நாணய மாற்று விகிதத்தைக் கொண்டே பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. வெள்ளி வலுக்கும் காலத்தில் ஒரு விபரீதம் நடக்கும். 200,000 அமெரிக்க டாலர் சந்தா, டாலர் 1.35 வெள்ளியாக இருக்கும்போது 270,000 வெள்ளி. பதிப்பாளர் 5 விழுக்காடு ஏற்றி 210,000 ஆக்குகிறார். அதற்குள் டாலர் 1.29க்கு இறங்கிவிடுகிறது. பில் 270,900 வெள்ளி. விலை ஏறவே இல்லை என்று குழுவில் யாராவது சொல்வார்கள். ஏறியிருக்கிறது, நம் நாணயத்துக்குக் கிடைத்த ஆதாயத்தை விலையேற்றம் விழுங்கிவிட்டது. அடுத்த முறை டாலர் வலுத்தால் முழு அடியும் ஒரே ஆண்டில் விழும். ஆகவே விலை வரலாற்றை எப்போதும் இரண்டு பத்திகளில் வையுங்கள்: ஒப்பந்த நாணயத்தில் ஒன்று, வெள்ளியில் ஒன்று.

பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடும் 2024இல் 9 விழுக்காடும் ஆனது. வெளிநாட்டுச் சேவைகளுக்கான வரி ஏற்பாடு 2020 தொடக்கத்திலிருந்தே உண்டு. வரிக்கு முன், வரிக்குப் பின் என்று பிரித்து எழுதாவிட்டால் அந்த இரண்டு ஆண்டுகளின் ஏற்றமும் பதிப்பாளர் தலையில் விழும். அது நியாயமில்லை, பேச்சிலும் நம்மைப் பலவீனமாக்கும்.

மாணவர் எண்ணிக்கையை வைத்து விலைப் படிநிலை தீர்மானிக்கும் ஒப்பந்தங்களில் தலை எண்ணும் முறையைப் பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அதிகமுள்ள கல்வி நிலையங்களில் பகுதிநேர மாணவரை முழு மாணவராக எண்ணியிருந்தால் ஒரு படி மேலே போயிருப்போம். சில நாள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திறன் பயிற்சி வகுப்புக்கு வருகிறவரைச் சேர்க்கவே கூடாது. இது வெறும் சொல் வரையறை. ஆனால் விழுக்காட்டுப் பேரத்தைவிட இதில் அதிகம் மிச்சமாகலாம்.

ஐந்து விழுக்காடு சின்ன எண்ணாகத் தெரிவதால்தான் எளிதாகக் கடந்துபோகிறது. பத்து ஆண்டு ஓட்டிப் பாருங்கள். நூலகத்தின் நிதி 100 என்றும், ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்கிறது என்றும் வைப்போம். அதில் 60 பெரிய தொகுப்புகளுக்குப் போகிறது. அவை 5 விழுக்காடு ஏறுகின்றன. பத்தாம் ஆண்டு முடிவில் நிதி 122, தொகுப்புகள் 98, மிச்சம் 24. தொடக்கத்தில் அந்த மிச்சம் 40. அந்த நாற்பதில்தான் தமிழ் நூல்கள் இருந்தன, சிறு சங்கங்கள் நடத்தும் தென்னாசிய ஆய்விதழ்கள் இருந்தன, சென்னையிலிருந்து வரவழைக்கும் கல்வெட்டுத் தொகுதிகளும் அகராதிகளும் இருந்தன. தொகுப்புச் சந்தாவை யாரும் ‘தமிழ்ப் பிரிவைக் குறைத்தோம்’ என்று சொல்லிப் புதுப்பிப்பதில்லை. ஆனால் நடப்பது அதுதான், எனக்கு இதில் உண்மையான மனவருத்தம் உண்டு.

பேச்சு மேசையில்

ஒப்பந்தத்தை ரத்துசெய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை முதலில் பாருங்கள். 60 நாள் என்று இருந்தால் நவம்பர் தொடக்கமும், 90 நாள் என்றால் அக்டோபர் தொடக்கமுமே கடைசி நாள் ஆகிவிடும். தரவு வேலையை மே, ஜூன் விடுமுறையில் முடித்தால்தான் ஆகஸ்டில் துறைகளிடம் கேட்க நேரம் கிடைக்கும்.

கேட்க வேண்டியவை: பல ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டு ஏற்றத்துக்கு உச்சவரம்பு, அது 2 விழுக்காட்டை ஒட்டி, திறந்த அணுகல் பங்கு கூடினால் சந்தா அதே அளவு குறைவதற்கான விதி, சந்தா நின்றபின் கட்டிய ஆண்டுகளுக்குத் தொடர் அணுகல், இதழ் வேறு பதிப்பகத்துக்குப் போனால் விலைக் குறைப்பு, விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற இரகசிய விதியை நீக்குவது. கடைசியானது கிடைக்காமல் போனாலும் கேளுங்கள். மிச்சிகன், விஸ்கான்சின் கதை வெளிவர இத்தனை ஆண்டு ஆனதற்கு அந்த விதிதான் காரணம்.

விட்டுவிடுவோம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம் நியாயமானது. நடந்தவற்றைப் பார்க்கலாம். 2010இல் நேச்சர் பதிப்பகம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் இதழுக்குச் சராசரி 4,465 டாலரிலிருந்து 17,000 டாலருக்கு மேல் கேட்டது. கட்டுரை அனுப்புவதையும் மதிப்பாய்வு செய்வதையும் நிறுத்தும்படி பேராசிரியர்களை அழைக்கப்போவதாகப் பல்கலைக்கழகத் தரப்பு எச்சரித்தது. இரு தரப்பும் மீண்டும் மேசைக்கு வந்தன. அதே பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்சேவியர் சந்தாவை விட்டது, 2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கண்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ஆய்வு நிற்கவில்லை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2020இல் மேலே சொன்ன மாதிரிக் கணக்கைப் போட்டு எல்சேவியரின் பெரிய தொகுப்பை விட்டு 248 இதழ்களை மட்டும் எடுத்தது. ஆண்டுக்கு 5 முதல் 7 மில்லியன் டாலர் மிச்சம் என்று அறிவித்தது. இந்தியா வேறு வழியில் போனது: 2025இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். தமிழகத்தின் சிறிய அரசுக் கல்லூரி மாணவருக்கும் அணுகல் வந்தது பெரிய விஷயம். ஆனால் அந்தத் தொகை பயனை அளந்து வந்ததா, மொத்தப் பேரமா என்ற கேள்வி அங்கும் உண்டு.

சந்தாவே வேண்டாம், ஆசிரியர் கட்டணம் கட்டித் திறந்துவிடலாம் என்பதும் இதே நோயை இடம் மாற்றுகிறது. நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்த அணுகலாக்க 2021இல் தொடங்கிய கட்டணம் 9,500 யூரோ. ஒரு கட்டுரையை வெளியிட ஆகும் செலவு 200 டாலரிலிருந்து 1,000 டாலர் வரை என்று அதே ஆண்டு வெளியான கணிப்பு ஒன்று சொன்னது. மீதி, அந்தப் பெயரில் வெளியிட்டால் ஆசிரியருக்குக் கிடைக்கும் பதவி உயர்வின் விலை. நியூரோஇமேஜ் இதழின் ஆசிரியர் குழு, 3,450 டாலர் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டு, நடக்காததால் 2023 ஏப்ரலில் மொத்தமாக விலகி எம்ஐடி பதிப்பகத்தில் புதிய இதழைத் தொடங்கியது. ஓர் இதழின் மதிப்பு பதிப்பாளரிடம் இருக்கிறதா, ஆசிரியர் குழுவிடம் இருக்கிறதா என்பதை இதைவிடத் தெளிவாகச் சோதித்துப் பார்க்க முடியாது.

வளாகத்துக்கு வெளியே இருப்பவருக்கு

பட்டம் வாங்கிய மறுநாள் அணுகல் போய்விடும். இங்கே தமிழாசிரியராக இருந்துகொண்டு ஆய்வும் செய்கிறவர்கள், எழுத்தாளர்கள், தனித்து ஆராய்கிறவர்கள் எல்லாரும் ஒரு கட்டுரைக்கு 40, 50 வெள்ளி கேட்கும் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். அங்கே அட்டையைத் தட்டுமுன் இவற்றைப் பாருங்கள். தேசிய நூலக வாரிய உறுப்பினர் கணக்கில் பல தரவுத்தளங்களை வீட்டிலிருந்தே பயன்படுத்தலாம். ஜேஸ்டோரில் தனிக் கணக்குத் தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகளை இலவசமாக இணையத்தில் படிக்கலாம். தமிழியல், தென்கிழக்காசிய வரலாறு இரண்டுக்கும் அது பெரும்புதையல். அன்பேவால் நீட்சியை உலாவியில் சேர்த்தால் சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கும் பக்கத்தில் பச்சைப் பூட்டு தெரியும். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

நீங்களே கட்டுரை எழுதுகிறவராக இருந்தால் உங்கள் பங்கும் உண்டு. சிங்கப்பூரில் பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளை, வெளியான 12 மாதங்களுக்குள் திறந்த களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும் என்பது நிதி வழங்கும் அமைப்புகளின் கொள்கை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிஆர்-என்டியு போன்ற களஞ்சியங்கள் அதற்காகவே இருக்கின்றன. எந்த இதழ் எந்த வடிவத்தை, எத்தனை மாதம் கழித்து வைக்க அனுமதிக்கிறது என்பதை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் இதழின் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பெரும்பாலும் அனுமதி கிடைப்பது ‘ஏற்கப்பட்ட கைப்பிரதி’க்கு, அதாவது மதிப்பாய்வுத் திருத்தங்கள் முடிந்து, பதிப்பாளர் பக்கம் கோப்பதற்கு முன் நீங்கள் அனுப்பிய கடைசி வேர்ட் கோப்புக்கு. ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பைத் தனிப் பெயரில் சேமித்து, நூலகக் களஞ்சியக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். ஓராண்டு கழித்துத் தேடினால் கைக்குக் கிடைப்பது பதிப்பாளரின் முத்திரை போட்ட பிடிஎஃப் மட்டும்தான். அதைப் பதிவேற்ற அனுமதி இருக்காது.